ஜெபக் குறிப்பு நோட்டும் பெருஞ்சபையும்

ஆண்டிபட்டி வட்டாரத்தில் தகரக் கூரை போட்ட சிறு சபைகள் பல உண்டு. அப்படி ஒன்றில் நடந்த வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்துக்கு ஒருமுறை போயிருந்தேன். வாசலில் நாற்பது ஜோடி செருப்புகள். உள்ளே பாய் விரித்து, முக்காடிட்டு உட்கார்ந்திருந்த பெண்களில் பாதிப்பேர் சக்கம்பட்டித் தறிகளை நம்பிப் பிழைப்பவர்கள். அன்றைய அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள். ஒரு டோலக், ஒரு டம்பரீன், கரகரத்த மைக். பாட்டும் ஸ்தோத்திரமும் ஓய்ந்து, உபவாசம் முடித்துக் கஞ்சி ஊற்றுவதற்கு முன், பாஸ்டரம்மா ஓர் எண்பது பக்க நோட்டைப் பிரித்தார். ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். வீட்டுக்காரரின் குடி நிற்க வேண்டும். தண்டல்காரருக்குக் கட்ட வேண்டிய பாக்கி. மகளுக்கு நர்சிங் சீட்டு. கர்ப்பப்பையில் கட்டி. திருப்பூருக்கு வேலைக்குப் போன மகன் போனை எடுப்பதில்லை. ஒரு பாட்டி மட்டும், "போன வாரம் சொன்னதே இருக்கட்டும்மா, அது இன்னும் தீரல" என்றார். பாஸ்டரம்மா பழைய பக்கத்தைப் புரட்டி, அந்த வரியின் கீழ் ஒரு கோடு போட்டார்.

ஆண்டிபட்டியின் நிலவரத்தை அறிய அந்த ஒரு நோட்டே போதும் என்று தோன்றியது. தமிழ்நாட்டின் பெந்தெகொஸ்தே சபைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக மேடையைப் பார்க்கிறார்கள். ஒலிபெருக்கியையும் கூட்டத்தையும் காணிக்கைப் பெட்டியையும் பார்க்கிறார்கள். நான் அந்த நோட்டிலிருந்து தொடங்க விரும்புகிறேன். ஒரு பெரிய சபை எப்படி உருவாகிறது? அது தன்னைச் சுற்றியுள்ள ஊருக்கு என்ன செய்திருக்கிறது? சிற்றூர்ச் சபைகள் அதனிடமிருந்து எதைக் கற்க வேண்டும்? இந்த மூன்று கேள்விகளே இக்கட்டுரை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 6.12 சதவீதம், ஏறத்தாழ 44 லட்சம் பேர். கணக்கெடுப்பு கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே என்று பிரித்து எண்ணுவதில்லை. ஆகவே எண்ணிக்கையை விட்டுவிட்டு, வரலாற்றையும் வேலையையும் கொண்டே இந்த இயக்கத்தை அளக்க வேண்டியிருக்கிறது.

மலைக்கு அந்தப் பக்கம்

பெந்தெகொஸ்தே என்றால் ஐம்பதாவது நாள். பஸ்காவுக்குப் பின் ஐம்பதாம் நாளில் சீடர்கள்மேல் பரிசுத்த ஆவி இறங்கியதாகவும், அவர்கள் வேறு வேறு பாஷைகளில் பேசியதாகவும் அப்போஸ்தலர் நடபடிகளின் இரண்டாம் அதிகாரம் கூறுகிறது. அந்த அனுபவம் இன்றும் ஒவ்வொரு விசுவாசிக்கும் உண்டு என்பதே இந்தச் சபைகளின் அடித்தளம். அமெரிக்காவில் 1906-இல் பிறந்து இங்கே இறக்குமதியான மதம் இது என்று பலர் நினைக்கிறார்கள். ஆண்டிபட்டிக்காரர்கள் அப்படி நினைக்க வேண்டியதில்லை. வருசநாட்டு மலைக்கு அந்தப் பக்கம் பார்த்தால் போதும்.

அங்குள்ள சதுரகிரி மலைக்கு நம் பக்கத்தில் உப்புத்துறை வழியாக ஏறுவார்கள். அந்தப் பக்கத்தில் தாணிப்பாறை வழியாக ஏறுவார்கள். தாணிப்பாறை அடிவாரத்து வத்திராயிருப்புப் பகுதியில்தான் கிறிஸ்டியான்பேட்டை இருக்கிறது. அதை உருவாக்கியவர் ஜான் கிறிஸ்டியான் அருளப்பன். 1810-இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயரிடம் பயின்று, பின்னர் ஆந்தனி நாரிஸ் குரோவ்ஸ் என்ற மிஷனரியின் நட்பைப் பெற்றவர். மிஷன் சம்பளம் வேண்டாம், கடவுள் தருவதைக் கொண்டு வாழ்வேன் என்று ஊழியம் செய்தவர். 1860-இல் அவரைச் சுற்றியிருந்த மக்களிடையே பெரிய எழுப்புதல் ஒன்று உண்டாயிற்று. பாவங்களை அறிக்கையிட்டு அழுதார்கள், நடுங்கினார்கள், அந்நிய பாஷைகளில் பேசினார்கள், பெண்கள் தீர்க்கதரிசனம் உரைத்தார்கள். லாஸ் ஏஞ்சலஸின் அசூசாத் தெரு எழுப்புதலுக்கு இது நாற்பத்தாறு ஆண்டுகள் முந்தியது. அருளப்பன் 1867-இல் மறைந்தார். அவருக்குப் பின் அந்த அலை தணிந்தது. ஆனால் வெள்ளைக்காரச் சம்பளம் இல்லாமல், தமிழரே நடத்தும் சபை என்ற எண்ணம் தணியவில்லை.

மூன்று ஊற்றுகள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூன்று ஊற்றுகள் இங்கே வந்து சேர்ந்தன. முதலாவது, புனேக்கு அருகே கேட்காவில் பண்டித ரமாபாய் நடத்திய முக்தி இல்லம். இளம் விதவைகளும் பஞ்சத்தில் அநாதைகளானவர்களும் வாழ்ந்த அந்த இல்லத்தில் 1905-இல் எழுப்புதல் தோன்றியது. அங்கு பணியாற்றிய மின்னி ஏப்ரம்ஸ் எழுதிய சிறு நூல் சிலி நாட்டுக்குப் போய், அங்கே பெந்தெகொஸ்தே இயக்கம் பிறக்கக் காரணமாயிற்று. இந்தியாவிலிருந்து உலகத்துக்குப் போன கொடை அது. அந்த எழுப்புதல் நடந்த இடம் ஒரு கோயில் மண்டபமோ பேராலயமோ அல்ல, ஆதரவற்ற பெண்களின் புகலிடம் என்பதை மறக்கக்கூடாது. சமூகத் தொண்டு இந்த இயக்கத்தில் பிற்காலத்தில் ஒட்டவைத்தது அல்ல. அதன் தொட்டிலே அதுதான்.

இரண்டாவது, 1906-இல் லாஸ் ஏஞ்சலஸில் அடிமைகளாயிருந்தவர்களின் மகன் வில்லியம் சீமோர் அசூசாத் தெருவில் நடத்திய கூட்டங்கள். அந்த அலையில் எழுந்தவர்கள் 1914-இல் அமெரிக்காவில் அசெம்பிளி ஆஃப் காட் என்ற அமைப்பை உண்டாக்கினார்கள். மறு ஆண்டே மேரி சாப்மன் என்ற மூத்த பெண்மணி அந்த அமைப்பின் சார்பில் சென்னைக்கு வந்தார். மூன்றாவது ஊற்று கொழும்பு. கேரளத்தில் பிறந்து இலங்கைக்குப் போன ராமன்குட்டி என்ற பாஸ்டர் பாலும், ஆல்வின் டி ஆல்விஸும் 1920-களில் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன், வெள்ளையுடை ஊழியர்களோடும் 'விசுவாச வீடு'களோடும் தமிழ்நாடெங்கும் பரவியது. மணம் முடிக்காத ஊழியர்கள், நகை அணியாத விசுவாசிகள், மருந்தை நாடாத நம்பிக்கை என்று அதன் ஒழுங்கு கடுமையானது. இன்று அதன் தலைமையிடம் தாம்பரத்தை அடுத்த இரும்புலியூர்.

பெந்தெகொஸ்தே சபைகளுக்கு வெளியேயும் இதே நெருப்பு பரவியது. சுரண்டையில் பிறந்த டி.ஜி.எஸ். தினகரன் வங்கி ஊழியர், சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவர். இளமையில் தற்கொலைக்கு முயன்றதைத் தாமே மேடைகளில் சொன்னவர். அவர் தொடங்கிய 'இயேசு அழைக்கிறார்' ஊழியத்தின் அடித்தளம், மக்கள் எழுதிய ஜெபக் கடிதங்கள். பிறகு ஜெப கோபுரத்துக்கு வந்த தொலைபேசி அழைப்புகள். பாஸ்டரம்மாவின் எண்பது பக்க நோட்டு அங்கே அஞ்சல் மூட்டைகளாக வளர்ந்தது. 1986-இல் கோவை அருகே காருண்யா பொறியியல் கல்லூரியும், பின்னர் சீஷா என்ற தொண்டு அமைப்பும் அதே குடும்பத்திலிருந்து வந்தவை.

பாட்டுகளையும் சொல்லியாக வேண்டும். சாராள் நவரோஜி அம்மையாரின் பாடல்களும், கத்தோலிக்கக் குருவாயிருந்து வெளியே வந்த பெர்க்மான்ஸ் அவர்களின் 'ஜெபத்தோட்ட ஜெயகீதங்க'ளும் சபை வேலிகளைத் தாண்டிப் போயின. இன்று கம்பம் பள்ளத்தாக்கின் சி.எஸ்.ஐ. ஆலயத்திலும் கத்தோலிக்க ஜெபக் கூட்டத்திலும் அவை ஒலிக்கின்றன.

சின்னமலை

இவை எல்லாவற்றின் விளைவையும் ஓரிடத்தில் காண வேண்டுமானால் சென்னை சைதாப்பேட்டையை அடுத்த சின்னமலைக்குப் போக வேண்டும். இயேசுவின் சீடர் தோமாவைப் பற்றிய வழிமரபோடு இணைந்த இடம் அது. போர்ச்சுகீசியர் 1551-இல் கட்டிய ஆலயம் அங்கே இருக்கிறது. அதே பகுதியில், அண்ணா சாலையை ஒட்டி எழுந்து நிற்கிறது நியூ லைஃப் அசெம்பிளி ஆஃப் காட் சபை. மக்கள் வாயில் 'ஏ.ஜி. சபை', 'மோகன் பாஸ்டர் சபை'.

1973-இல் பாஸ்டர் டி. மோகன் ஏழு பேரோடு அதைத் தொடங்கினார். ஐம்பது ஆண்டுகளில் அதன் விசுவாசிகள் நாற்பதாயிரத்தை எட்டியதாகச் சொல்லப்படுகிறது. தமிழ் தவிர ஆங்கிலம், இந்தி முதலிய மொழிகளிலும் ஞாயிறு முழுவதும் அடுத்தடுத்து ஆராதனைகள். ஒரு கூட்டம் வெளியேறும்போதே அடுத்த கூட்டம் வாசலில் காத்து நிற்கும். மோகன் பின்னாளில் அகில இந்திய அசெம்பிளி ஆஃப் காட் அமைப்பின் பொதுத் தலைவராகவும் ஆனார்.

நாற்பதாயிரம் பேரை ஒரு பாஸ்டர் எப்படிப் பெயர் சொல்லி அறிய முடியும்? முடியாது. இதற்கு விடை சியோலிலிருந்து வந்தது. டேவிட் யோங்கி சோ 1958-இல் தொடங்கிய சபை பின்னர் யோய்டோ முழுச் சுவிசேஷ சபையாகி, ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்ட உலகின் மிகப்பெரிய சபை என்று பெயர் பெற்றது. 1964-இல் வேலைப் பளுவால் சோ மேடையிலேயே சரிந்தார். அதன்பின் நகரத்தைச் சிறு சிறு வட்டங்களாகப் பிரித்து, வீட்டுக் கூட்டங்களைப் பெண்களிடம் ஒப்படைத்தார். சபை அப்போதுதான் பெருகியது. அந்த முறையைச் சென்னைக்குத் தக்கபடி சின்னமலைச் சபையும் எடுத்துக்கொண்டது. வாரநாள் ஒன்றில் ஒரு வீட்டில் பத்துப் பதினைந்து பேர் கூடுவார்கள். ஒரு பாட்டு, ஒரு வேதபகுதி, பிறகு அவரவர் பாரம். யார் வரவில்லை என்பது அந்த வீட்டில் உடனே தெரிந்துவிடும். வராதவர் வீட்டுக்கு மறுநாள் ஒருவர் போய்க் கதவைத் தட்டுவார்.

பெரிய கட்டடத்தைத் தூக்கி நிறுத்துவது இந்தச் சிறு வீடுகள்தாம். எழுவர் கூடிய வீட்டிலிருந்து பெருஞ்சபைக்குப் போனவர்கள், பெருஞ்சபையானதும் மறுபடி வீட்டுக்கே திரும்பினார்கள். சின்னமலையைப் பார்த்துப் பொறாமைப்படும் சிற்றூர்ச் சபைகள் கவனிக்க வேண்டிய முதல் உண்மை இது: அவர்களிடம் இல்லாதது கட்டடம் மட்டுமே, சபையைத் தாங்கும் முறை ஏற்கனவே அவர்கள் பாயில் உட்கார்ந்திருக்கிறது.

ஊழியம் என்ற சொல்லின் அகலம்

சபைக்காரர்கள் 'ஊழியம்' என்ற ஒரே சொல்லுக்குள் பல வேலைகளை அடக்கிவிடுகிறார்கள். பிரசங்கமும் ஊழியம், சிறைச்சாலைக்குப் போவதும் ஊழியம், மருத்துவமனைப் படுக்கையருகே நின்று ஜெபிப்பதும் ஊழியம், பிள்ளைகளுக்கு மாலைப் பாடம் சொல்லித்தருவதும் ஊழியம். புயலும் வெள்ளமும் வந்தால் அரிசிப் பையும் போர்வையும் கொண்டுபோவதும், 2020 ஊரடங்கில் மளிகைப் பொருள் கட்டிக் கொடுத்ததும் இதே கணக்கில் வரும்.

இவற்றில் அளவிட முடியாத பயன் தந்த பணி, குடியிலிருந்து மீட்பு. 2003-இலிருந்து மதுவின் சில்லறை விற்பனை முழுதும் டாஸ்மாக்கின் கையில் இருக்கிறது. குடி அரசின் வருவாயாகிவிட்ட மாநிலத்தில், குடித்துக் கெட்ட ஒருவனை மறுபடி வேலைக்கும் வீட்டுக்கும் திருப்புகிற வேலையைப் பெந்தெகொஸ்தே சபைகள் ஊர் ஊராகச் செய்திருக்கின்றன. சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நிற்கும் ஆண்களில் பலரின் கதை அதுதான். குடியை விட்டவனுக்குச் சபை ஒரு புதுக் கூட்டாளி வட்டத்தைத் தருகிறது. சனிக்கிழமை மாலையை எங்கே கழிப்பது என்ற கேள்விக்கு ஒரு விடை தருகிறது. மருத்துவர்கள் மாத்திரையோடு சேர்த்துப் பரிந்துரைக்கும் குழு ஆதரவும் இதைத்தான் செய்கிறது.

அடுத்த படிக்குப் போன சபைக்கு நம் நாட்டில் சிறந்த எடுத்துக்காட்டு கொல்கத்தா. 1954-இல் மனைவி ஹுல்டாவோடும் கைக்குழந்தையோடும் அங்கே வந்த மார்க் பண்டைன், கூடாரத்தில் பிரசங்கித்துத் தொடங்கினார். பசியோடு கேட்கிறவனுக்குப் பிரசங்கம் காதில் ஏறாது என்பதை அந்த நகரம் அவருக்குக் கற்பித்தது. உணவு வழங்கலும், பள்ளியும், 1977-இல் ஒரு மருத்துவமனையும் அந்தச் சபையிலிருந்து வளர்ந்தன. அவர் 1989-இல் மறைந்த பிறகும் அவை நிற்கின்றன. ஒருவருடைய குரல் வளத்தை நம்பிக் கட்டாமல் கணக்கும் நிர்வாகமும் கொண்டு கட்டியதே காரணம்.

உலக அளவில் இதை ஆராய்ந்த டொனால்ட் மில்லரும் டெட்சுனாவோ யமமோரியும் 2007-இல் வெளியிட்ட நூலில், ஏழை நாடுகளில் வேகமாக வளரும் பெந்தெகொஸ்தே சபைகள் பல சமூகப் பணியில் ஆழமாக இறங்கியிருப்பதைப் பதிவு செய்தார்கள். மறுமையை மட்டும் பேசும் சபைகள் என்ற பழைய சித்திரம் இனிப் பொருந்தாது என்பது அவர்கள் முடிவு. நம் ஊர் அனுபவமும் அதையே சொல்கிறது; ஆனால் நம் ஊரில் அந்தப் பணி பெரும்பாலும் ஒழுங்குபடாமலே கிடக்கிறது.

பணமும் சட்டமும்

சபைப் பணிகள் ஒழுங்குபடுவதற்கு முதல் தடையாக இருந்தது வெளிநாட்டுப் பணத்தை நம்பிய வழக்கம். கம்பேஷன் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு உள்ளூர்ச் சபைகள் வழியாக இந்தியாவில் ஒன்றரை லட்சத்தை நெருங்கிய குழந்தைகளுக்குப் படிப்பும் சத்துணவும் மருத்துவமும் அளித்துவந்தது. மத்திய அரசின் கட்டுப்பாட்டால் 2017 மார்ச்சில் அது இந்தியாவை விட்டு வெளியேறியது. 2020-இல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடைச் சட்டம், ஓர் அமைப்பு பெற்ற பணத்தை இன்னொன்றுக்குக் கைமாற்றுவதையே தடை செய்தது. மாதப் பணம் நின்ற நாளிலேயே மாலை வகுப்பும் நின்ற சபைகள் உண்டு. அந்த வகுப்பைத் தங்கள் தசமபாகத்திலிருந்தும் பிடியரிசியிலிருந்தும் தொடர்ந்த சபைகளும் உண்டு. எது ஊர்ப்பணி, எது திட்டப்பணி என்று அந்த ஆண்டுகள் பிரித்துக் காட்டின.

இரண்டாவது, மதமாற்றம் பற்றிய சந்தேகம். இதில் ஆண்டிபட்டிக்குத் தனி நினைவு உண்டு. 2002 பிப்ரவரி இடைத்தேர்தலில் இங்கே வென்று முதல்வரான ஜெயலலிதா, அதே ஆண்டு அக்டோபரில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தார். நாடாளுமன்றத் தேர்தல் தோல்விக்குப் பின் 2004-இல் அதை விலக்கிக்கொண்டார். சட்டம் போனாலும் கேள்வி நிற்கிறது. மதத்தைப் பரப்பும் உரிமையை அரசியல் சாசனத்தின் 25-ஆம் பிரிவு தருகிறது. அது பிறரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1977-இல் கூறியது. இந்த இரண்டுக்கும் இடையே சபை நேர்மையாக நடக்க ஒரே வழிதான் இருக்கிறது. அரிசிப் பையைக் கொடுக்கும்போது கைப்பிரதியைச் சேர்த்துக் கொடுக்கக்கூடாது. மாலை வகுப்புக்கு எல்லாத் தெருப் பிள்ளைகளும் எந்த நிபந்தனையும் இல்லாமல் வர வேண்டும். நம்பிக்கையைக் கேட்பவருக்குச் சொல்லட்டும். பசியை விலையாக வைத்துச் சொல்லக்கூடாது.

மருந்தும் மன்றாட்டும்

சுகமளிப்பு இந்தச் சபைகளின் உயிர்நாடி. மருத்துவமனைக்குப் போகப் பணமும் துணையும் இல்லாதவருக்கு, தலைமேல் கைவைத்து ஜெபிக்கும் ஒரு மனிதர் கிடைப்பது சிறிய விஷயம் அல்ல. ஆனால் ஜெபித்தாயிற்று என்று காசநோய் மாத்திரையை நடுவில் நிறுத்தினால், நோய் மருந்துக்கு அடங்காத வடிவில் திரும்பி வரும். எச்.ஐ.வி. மருந்தும் நாள் தவறாமல் உண்ண வேண்டியதே. நம் பகுதியில் இந்த எச்சரிக்கைக்கு இடம் உண்டு, வழியும் உண்டு. ஆண்டிபட்டி வட்டாரத்துக் க.விலக்கில் 2004-இலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆண்டிபட்டியில் ஆரோக்ய அகம் என்ற தொண்டு நிறுவனம் தொழுநோய், காசநோய், எச்.ஐ.வி. நோயாளிகளோடு நெடுங்காலம் பணியாற்றியிருக்கிறது. நோயாளிக்காக ஜெபித்த பாஸ்டரே அவரைப் பேருந்தில் ஏற்றி க.விலக்குக்குக் கூட்டிப்போனால், அந்த ஜெபத்தின் மதிப்பு ஒரு துளியும் குறையாது.

சாதி விஷயத்திலும் மனம் திறந்து பேச வேண்டும். ஒரே பாயில் பல தெருக்காரர்கள் உட்கார்வதே நம் ஊரில் ஒரு சாதனை. பல பெந்தெகொஸ்தே சபைகள் அதைச் செய்திருக்கின்றன. ஆனால் கல்யாணப் பேச்சு வரும்போது பழைய தெருவே முன்னால் வந்து நிற்கிறது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி, கிறிஸ்தவரான பட்டியல் சாதியினர் பட்டியல் சாதிக்குரிய சலுகையை இழக்கிறார்கள். சீக்கியருக்கு 1956-லும் பௌத்தருக்கு 1990-லும் கிடைத்த திருத்தம் இவர்களுக்கு இன்னும் வரவில்லை. அதனால் சபைக்கு வருகிற பலர் சான்றிதழில் ஒன்றும் வாழ்க்கையில் ஒன்றுமாக இருக்க நேர்கிறது. இவர்களுக்காக வாதாட வேண்டிய பொறுப்பு பெருஞ்சபைகளுக்கு உண்டு. அந்தக் குரல் இதுவரை போதவில்லை. பெண்கள் நிலையும் அப்படித்தான். உபவாசக் கூட்டத்தை நடத்துவதும், வீடு வீடாகப் போவதும், கஞ்சி காய்ச்சுவதும் பெண்கள்; சபைக் கமிட்டியில் பெரும்பாலும் ஆண்கள். சோ பெண்களிடம் பொறுப்பைத் தந்ததால்தான் அவர் சபை வளர்ந்தது என்பதை நம் சபைகள் பாதியாகவே கற்றிருக்கின்றன.

நோட்டுக்குத் திரும்புதல்

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கையில் என் முடிவு இது. பெந்தெகொஸ்தே பெருஞ்சபைகளின் நிலைத்த சாதனை, தனித்து விடப்பட்ட மனிதரின் பாரத்தைப் பெயரோடும் ஊரோடும் கேட்டுக்கொள்ள ஓர் அமைப்பை உண்டாக்கியது. அவற்றின் குறை, கேட்டதையெல்லாம் ஜெபத்தோடு நிறுத்திவிடும் பழக்கம். கொல்கத்தாவிலும் முக்தியிலும் அந்தப் பழக்கம் மீறப்பட்டது. அங்கே ஜெபக் குறிப்பே வேலைத் திட்டமாயிற்று.

ஆண்டிபட்டியின் சிறு சபைகளுக்கு இதற்குக் கோடிகள் தேவையில்லை. அந்த எண்பது பக்க நோட்டில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே இன்னொரு கட்டம் போட்டால் போதும். கணவன் அடிக்கிறான் என்றால் 181. பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098. வாழவே பிடிக்கவில்லை என்றால் 104. கட்டி என்றால், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பார்த்து, க.விலக்குக்குக் கூட வரும் ஒருவரின் பெயர். தண்டல் என்றால் கந்துவட்டிக்கு எதிராக 2003-இலிருந்து சட்டம் இருக்கிறது என்று எடுத்துச் சொல்லி, மனு எழுதிக்கொடுக்க ஒரு படித்த பிள்ளை. நர்சிங் சீட்டு என்றால் விண்ணப்பத் தேதி. சென்னையின் பெருஞ்சபைகள் இந்தச் சபைகளுக்கு உதவ நினைத்தால், கன்வென்ஷன் பந்தலுக்குப் பணம் அனுப்புவதற்கு முன் இந்த இரண்டாம் கட்டத்தை நிரப்பத் தெரிந்த ஆட்களைப் பயிற்றுவித்து அனுப்பட்டும்.

பாஸ்டர்மாரே, பாஸ்டரம்மாக்களே, அடுத்த வெள்ளிக்கிழமை நோட்டைப் பிரிக்கும்போது முதலில் பழைய பக்கங்களைப் புரட்டுங்கள். கோடு போட்டு வைத்த வரிகளில் எவை இன்னும் தீரவில்லை என்று பாருங்கள். அவற்றில் ஒன்றையாவது தீர்ப்பதற்கு, சனிக்கிழமை காலையில் யாரோடு எந்தப் பேருந்தில் ஏறுவது என்று அன்றைக்கே எழுதி வையுங்கள்.